கேட்பதா, பார்ப்பதா? உளவியல் ஆய்வில் சர்வேயும் உற்றுநோக்கலும்: முழுமையான வழிகாட்டி

1930-இல் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஓர் இளம் சீனத் தம்பதியரை அழைத்துக்கொண்டு காரில் அமெரிக்காவைச் சுற்றத் தொடங்கினார். சீனர்கள் மீது அங்கே வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. தங்கும் விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் ஏறி இறங்கினார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் திருப்பி அனுப்பினார்கள். போய்வந்து ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு லாபியர் கடிதம் போட்டார்: "சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?" 128 இடங்களிலிருந்து பதில் வந்தது. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் "மாட்டோம்" என்றன. 1934-இல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "சர்வேயை நம்பவே முடியாது" என்று முடிப்பவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் முதலாளியாக இருக்கலாம். அன்று கவுன்ட்டரில் சாவி கொடுத்தவர் வேறு யாரோ. வாசலில் வந்து நின்றது நல்ல உடை உடுத்தி, சரளமாக ஆங்கிலம் பேசிய ஒரு தம்பதி, கூடவே ஒரு வெள்ளைக்காரர். கடிதத்தில் இருந்ததோ முகமில்லாத "சீனர்கள்". ஆக, லாபியர் ஒரே விஷயத்தை இரண்டு முறை அளக்கவில்லை, இரண்டு விஷயங்களை அளந்தார். ஒருவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான் சர்வே பதிவு செய்யும். அவர் என்ன செய்கிறார் என்பதை உற்றுநோக்கல் பதிவு செய்யும். உங்கள் ஆய்வுக்கு இதில் எது வேண்டும் என்று முடிவெடுக்காமல் கூகுள் ஃபார்மைத் திறப்பதுதான் முதுகலை பிராஜெக்ட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

கீழே வரும் படிகள் உளவியல், சமூகப்பணி, கல்வியியல் மாணவர்களை மனதில் வைத்து எழுதியவை. எல்லாப் படிகளுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்: கல்லூரி விடுதி மெஸ்ஸில் சாப்பிடும்போது கைபேசி பார்ப்பது.

படி 1: தலைப்பை விடுங்கள், கேள்வியை எழுதுங்கள்

"இளைஞர்களின் கைபேசி மோகம்: ஓர் ஆய்வு" என்பது தலைப்பு. இதை வைத்துக்கொண்டு யாரிடம் போவது, எதை அளப்பது என்று தெரியாது. "மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிடும்போது மேசையில் யாராவது கைபேசி பார்த்தால், அந்த மேசையில் பேச்சு குறைவாக இருக்கிறதா?" என்பது கேள்வி. "சாப்பிடும்போது எவ்வளவு நேரம் கைபேசி பார்ப்பதாக மாணவர்கள் நினைக்கிறார்கள், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் என்ன?" என்பது இன்னொரு கேள்வி. முதலாவதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், இரண்டாவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேள்வியில் யார், எங்கே, எந்தச் செயல், எதனோடு ஒப்பிட்டு என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: முறையைத் தேர்ந்தெடுங்கள்

தனிமை உணர்வு, நம்பிக்கை, பயம், கடந்தகால அனுபவம், வீட்டுக்குள் நடப்பது ஆகியவற்றுக்குக் கேட்பதைத் தவிர வழியில்லை. வெளியே நின்று பார்த்து ஒருவரின் பரீட்சைப் பயத்தை அளந்துவிட முடியாது. அதே சமயம், செய்பவருக்கே தெரியாமல் பழக்கமாகிப்போன செயல்களுக்குப் பார்ப்பதுதான் பொருந்தும். 1979-இல் ராபர்ட் கிராட், ராபர்ட் ஜான்ஸ்டன் இருவரும் பவுலிங் விளையாடுபவர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். நல்ல ஸ்கோர் விழுந்ததும் சிரிப்பு வரும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பந்து உருட்டியவர்கள் கட்டைகளைப் பார்த்து அவ்வளவாகச் சிரிக்கவில்லை. நண்பர்கள் பக்கம் திரும்பியபோதுதான் சிரித்தார்கள். "நீங்கள் எப்போது சிரிக்கிறீர்கள்?" என்று ஃபார்மில் கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

தன்னைப் பற்றிச் சொல்லி விளக்கத் தெரியாத வயதுக்கும் உற்றுநோக்கல்தான். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், நர்சரிக் குழந்தைகளைக் குறிப்பிட்ட சிறுசிறு நேர அளவுகளில் கவனித்து, அவர்கள் விளையாட்டில் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் என்பதை ஆறு வகையாகப் பிரித்தார். சும்மா இருப்பது, தனியாக ஆடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்தும் தனித்தனியாக ஆடுவது, கலந்து ஆடுவது, கூட்டாகத் திட்டம் போட்டு ஆடுவது. இன்றும் பாடநூல்களில் இந்த ஆறு வகையும் வருகிறது என்றால், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடிகிறது என்பதே காரணம்.

"இதனால்தான் அது நடக்கிறது" என்று நிறுவ வேண்டுமென்றால் இந்த இரண்டு முறையும் தனியாகப் போதாது. கைபேசி பார்ப்பதால் பேச்சு குறைந்திருக்கலாம். பேச ஆளில்லாததால் கைபேசியை எடுத்திருக்கலாம். அதைப் பிரித்தறிய, நீங்களே ஒன்றை மாற்றிவிட்டு விளைவைப் பார்க்கும் சோதனை முறை தேவை. இதை இப்போதே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிவுரை எழுதும்போது உதவும்.

படி 3: யாரிடம்? எத்தனை பேரிடம்?

எண்ணிக்கை அதிகமானால் தரம் கூடும் என்ற நம்பிக்கையை 1936-லேயே ஒரு பத்திரிகை உடைத்துக் காட்டிவிட்டது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதை வைத்து ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பத்திரிகை பெயர்களை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பொருளாதார மந்தக் காலத்தில் அந்த இரண்டும் யாரிடம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, சீட்டு கிடைத்தவர்களில் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆர்வம் இருந்தவர்கள் ஒரு தனி ரகம். அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் பல மடங்கு சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொன்னார்.

வாட்ஸ்அப் குரூப்பில் "நண்பர்களே, 5 நிமிடம் ஒதுக்கி நிரப்புங்கள், உங்கள் நண்பர்களுக்கும் அனுப்புங்கள்" என்று போடும் லிங்க்கும் இதே வகைதான். அதைச் செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. காசும் நேரமும் இல்லாத மாணவருக்குச் சில சமயம் அதுதான் வழி. ஆனால் அதற்குப் பெயர் வசதி மாதிரி. அறிக்கையில் அதை "சமவாய்ப்பு மாதிரி" என்று எழுதினால் அது பொய்.

விடுதி உதாரணத்தில் நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது: மொத்தப் பேர் பட்டியல் அலுவலகத்தில் உண்டு. 800 பேர் என்று வைத்துக்கொள்வோம். 95 சதவீத நம்பக மட்டம், கூட்டிக் குறைத்து 5 சதவீதப் பிழை (அதாவது நூறு முறை மாதிரி எடுத்தால் சுமார் 95 முறை உண்மை விடைக்கு 5 சதவீதத்துக்குள் வரும்) என்றால், மிகப் பெரிய தொகுதிக்கு 385 பேர் வேண்டும். 800 பேர் கொண்ட சிறிய தொகுதிக்கு இதைத் திருத்தலாம்: 385-ஐ (1 + 384/800) என்பதால் வகுத்தால் ஏறத்தாழ 260. பதில் தராமல் போகிறவர்களையும் கணக்கில் கொண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள். முதலாண்டு, இறுதியாண்டு என்று பழக்கம் மாறும் என நினைத்தால், ஆண்டுவாரியாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கல் போடுங்கள். எக்செல்லில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சமவாய்ப்பு எண் கொடுத்து வரிசைப்படுத்தி, மேலிருந்து தேவையான பேரை எடுத்தால் வேலை முடிந்தது. குலுக்கலில் வந்தவர் அறையில் இல்லையென்றால் பக்கத்து அறைக்காரரிடம் கேட்டு நிரப்பாதீர்கள். மறுபடி போங்கள். எப்போதும் அறையில் இருப்பவர்கள் மட்டுமே உங்கள் மாதிரியில் சேர்ந்தால், வெளியே சுற்றுபவர்களின் பழக்கம் தெரியாமலே போகும்.

படி 4: வினாநிரல் எழுதுவது

அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். நடைமுறையில் ஒரே ராத்திரியில் முடிப்பதும் இதைத்தான்.

வார்த்தை மாறினால் பதில் மாறும். 1941-இல் டொனால்ட் ரக் ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்ட முடிவை வெளியிட்டார். ஜனநாயகத்துக்கு எதிரான பேச்சுகளை அமெரிக்கா "தடை செய்ய வேண்டுமா?" என்றபோது 54 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். "அனுமதிக்க வேண்டுமா?" என்று கேட்டபோது 75 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். தர்க்கப்படி இரண்டும் ஒன்றே. "தடை" என்ற சொல்லின் கடுமை மட்டும் இத்தனை பேரைப் பின்வாங்க வைத்தது. எனவே "மெஸ்ஸில் கைபேசியைத் தடை செய்யலாமா?" என்று கேட்கும்போது, அந்தச் சொல்லே கொஞ்சம் வேலை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பதில் கட்டங்களும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மனியில் நார்பர்ட் ஷ்வார்ஸும் குழுவினரும் தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு "அரை மணி வரை" என்று தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடியும் கட்டங்கள். மறுபாதிக்கு "இரண்டரை மணி வரை" என்பதே முதல் கட்டம், அங்கிருந்து மேலே போகும். முதல் குழுவில் 16.2 சதவீதம் பேர் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் 37.5 சதவீதம். 1985-இல் வெளிவந்த ஆய்வு இது. "நடுவில் இருப்பதுதான் எல்லோரும் செய்வது போலிருக்கிறது" என்று கட்டங்களைப் பார்த்தே ஆட்கள் தங்களை நிறுத்திக்கொள்கிறார்கள். நிமிடக் கணக்கைக் கேட்க வேண்டுமானால் காலி இடம் விட்டு எண்ணை எழுதச் சொல்வது நல்லது.

வரிசையும் அப்படித்தான். ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக், லியோனார்ட் மார்ட்டின், ஷ்வார்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்டது: கல்லூரி மாணவர்களிடம் "வாழ்க்கையில் எவ்வளவு மகிழ்ச்சி?" என்று முதலில் கேட்டு, பிறகு எத்தனை முறை டேட்டிங் போகிறீர்கள் என்று கேட்டபோது இரண்டுக்கும் ஒட்டுறவு (0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) −0.12, அதாவது தொடர்பே இல்லாத மாதிரி. வரிசையை மாற்றி டேட்டிங்கை முதலில் கேட்டதும் 0.66 ஆகிவிட்டது. முந்தைய கேள்வி மனதில் எதைக் கிளறிவிட்டதோ, அதை வைத்தே அடுத்ததற்குப் பதில் வருகிறது. ஆகவே பொதுக் கேள்விகள் முதலில், குறிப்பானவை பிறகு. வருமானம், சாதி, மதிப்பெண் போன்ற கூச்சமான தகவல்கள் கடைசியில், அதுவும் உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும். சாதி, மதம், தந்தை தொழில் என்று வழக்கத்துக்காக முதல் பக்கத்திலேயே கேட்கும் ஃபார்ம்கள் ஏராளம். அலசலில் அந்தத் தகவலைத் தொடக்கூட மாட்டார்கள்.

"மெஸ் உணவும் சுத்தமும் திருப்தியாக இருக்கிறதா?" என்பது இரட்டைக் கேள்வி. சாப்பாடு பரவாயில்லை, தட்டு அழுக்கு என்பவர் எங்கே டிக் போடுவார்? எதிர்மறை வாக்கியத்தைத் தமிழில் கேள்வியாக்கினால் சிக்கல் இன்னும் கூடும். "நீங்கள் சாப்பிடும்போது கைபேசி பார்ப்பதில்லையா?" என்று கேட்டு "ஆமாம்" என்று பதில் வந்தால் அது பார்ப்பதா, பார்க்காததா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். நேராகக் கேளுங்கள்.

நினைவாற்றலுக்கு அதிக வேலை கொடுக்காதீர்கள். "பொதுவாக ஒரு மாதத்தில் எத்தனை முறை" என்றால் மூளை எண்ணிப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. "நேற்று இரவுச் சாப்பாட்டின்போது கைபேசியைக் கையில் எடுத்தீர்களா?" என்றால் காட்சி நினைவுக்கு வரும். மொத்தப் பயன்பாடு வேண்டுமென்றால், போனிலேயே உள்ள ஸ்கிரீன் டைம் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். மனக்கணக்கும் போன் கணக்கும் நன்றாக ஒத்துப்போவதில்லை என்பது பல ஆய்வுகளில் வந்த முடிவு.

அப்புறம், நல்லபெயர் ஆசை. காப்பி அடித்தது, குடிப்பது, வீட்டில் அடி வாங்குவது போன்றவற்றை நேரடியாகக் கேட்டால் ஒழுக்கமான பதில்தான் வரும். டக்ளஸ் கிரவுன், டேவிட் மார்லோ இருவரும் 1960-இல் இந்த ஆசையையே அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். ஸ்டான்லி வார்னர் 1965-இல் இன்னொரு தந்திரம் சொன்னார். அதன் எளிய வடிவம் இது: பதில் சொல்பவர் உங்களுக்குக் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" என்று சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். "ஆம்" என்றவர் செய்தவரா, தலை விழுந்தவரா என்று உங்களுக்குத் தெரியாது. 200 பேரில் 130 பேர் "ஆம்" என்றால், சுமார் 100 நாணயத்தால் வந்தது. மீதி 100 பேரில் 30 பேர் உண்மையில் செய்தவர்கள், அதாவது 30 சதவீதம். தனிமனிதர் காப்பாற்றப்படுகிறார், குழுவின் கணக்கு கிடைத்துவிடுகிறது. காப்பி அடிப்பதைப் பற்றிய ஆய்வுக்கு இது அருமையாகப் பொருந்தும்; ஏனோ நம் மாணவர்கள் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை.

படி 5: ஏற்கெனவே உள்ள அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவருவது

மனச்சோர்வு, தனிமை, சுயமதிப்பு போன்றவற்றுக்கு நீங்களே கேள்வி தயாரிக்க வேண்டாம். நிலைபெற்ற அளவுகோல்கள் இருக்கின்றன. பயன்படுத்த அனுமதி தேவையா, தமிழ் வடிவம் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழ் வடிவம் இல்லையென்றால், ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கிய வழி. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், சரியாகத் திரும்பி வருகிற, ஆனால் யாரும் பேசாத ஒரு தமிழ் உங்களிடம் இருக்கும். நான்கைந்து பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார்கள், எதை வேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது உடனே தெரியும். படிக்காதவர்களிடம் நேரில் கேட்பதாக இருந்தால் பேச்சு வழக்கிலேயே ஒரு வடிவத்தை எழுதி, எல்லா இடத்திலும் அதையே படியுங்கள். கேட்பவர் ஊருக்கு ஊர் தன் வாய்க்கு வந்தபடி மாற்றிக்கொண்டால் ஒவ்வொருவரும் வேறு கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

இந்தப் பாடு தேவையா என்று கேட்பவர்களுக்கு: ஜோசஃப் ஹென்ரிக்கும் இரு சகாக்களும் 2010-இல் காட்டியபடி, உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பகுதி மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டவர்கள். அவர்களுக்காகத் தைத்த அளவு நம்மவர்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு சின்னக் குறிப்பு. "முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டம் போட்ட ஒற்றைக் கேள்விக்கு லைக்கர்ட் அளவுகோல் என்று பெயர் சொல்கிறார்கள். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் முன்வைத்தது பல வாக்கியங்களின் மதிப்பெண்களைக் கூட்டி ஒரே அளவாக்கும் முறை. எதிர்த்திசையில் எழுதிய வாக்கியங்களைக் கூட்டுமுன் தலைகீழாக்க வேண்டும். வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா ரொம்பக் குறைவாக வந்தால் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

படி 6: எதைப் பார்க்கப்போகிறீர்கள்?

"கவனித்தேன்" என்றால் போதாது. எதைக் கண்டால் குறி போடுவீர்கள் என்பதை, உங்களைத் தெரியாத ஒருவர் படித்து அதேபோல் குறிபோடும் அளவுக்கு எழுத வேண்டும். மெஸ் உதாரணத்தில் இப்படி: "கைபேசிப் பயன்பாடு: திரை ஒளிர்கிறது, கண் 2 விநாடிக்கு மேல் திரை மீது இருக்கிறது." மேசை மேல் கவிழ்ந்து கிடக்கும் போனுக்கு வேறு குறி. ஒருவர் வீடியோ போட, மூன்று பேர் எட்டிப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டால்? அது கைபேசியா, பேச்சா? இரண்டும்தான் என்பது என் முடிவு: இரண்டு கட்டத்திலும் குறி போட்டு, "பகிர்வு" என்று மூன்றாவது குறியும் சேர்ப்பேன். நீங்கள் வேறாக முடிவெடுக்கலாம். ஆனால் மெஸ்ஸில் போய் உட்கார்ந்தபிறகு அதை யோசிக்கக் கூடாது.

எப்போது பார்ப்பது என்பது அடுத்த விஷயம். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் எழுதிய கட்டுரை இதற்கு இன்றும் வழிகாட்டி. ஒரே ஆளை (அவருக்குக் குரங்கை) குறிப்பிட்ட நேரம் விடாமல் பின்தொடர்வது ஒரு வகை. குறித்த இடைவெளியில் கூட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து, அந்தக் கணத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பதிவது இன்னொன்று. அரிதாக நடக்கும் செயலென்றால், உதாரணமாகச் சண்டை, அது நடக்கும்போதெல்லாம் குறிப்பது மூன்றாவது. கண்ணில் பளிச்சென்று பட்டதை மட்டும் எழுதிக்கொண்டு வருவதை ஆல்ட்மன் எச்சரிக்கையோடுதான் பார்த்தார், ஏனென்றால் சத்தமான செயல்கள்தான் அதில் அதிகம் சிக்கும்.

மெஸ்ஸுக்கு நேர இடைவெளி முறை பொருந்தும். ஒரு மேசைக்கு 10 நிமிடம். 10 விநாடி பார்த்து 5 விநாடி குறிப்பது ஒரு சுற்று. 10 நிமிடத்தில் 40 சுற்று. காதில் மாட்டிய இயர்போனில் பீப் சத்தம் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். தாளில் மேசை எண், நேரம், எத்தனை பேர், 40 வரிசை, ஒவ்வொரு குறிக்கும் கட்டங்கள், ஓரத்தில் குறிப்புக்கு இடம். எந்த மேசை என்பதைக் குலுக்கலில் எடுங்கள். இல்லாவிட்டால் கால் தானாகவே கலகலப்பான மேசைப் பக்கம் போகும். நாள்களையும் கலந்து எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சிக்கன் நாளும் செவ்வாய் இரவு உப்புமாவும் ஒன்றல்ல. ஐபிஎல் ஆட்டம் நடக்கும் இரவில் எல்லோர் கையிலும் போன் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு "இளைஞர்கள்" பற்றி எழுத முடியாது.

படி 7: இரண்டு கண் ஜோடிகள்

தனியாகப் பார்த்த தரவை ஆய்வரங்கில் யாரும் மதிக்க மாட்டார்கள். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது இரண்டு பேர், தாளைக் காட்டிக்கொள்ளாமல், ஒரே மேசையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட வேண்டும்.

வெறும் சதவீதம் ஏமாற்றும். 100 சுற்றுகளில் இருவரும் "ஆம்" என்றது 20, இருவரும் "இல்லை" என்றது 60, முதலாமவர் மட்டும் "ஆம்" என்றது 10, இரண்டாமவர் மட்டும் 10 என்று வைப்போம். 80 சதவீதம் ஒற்றுமை, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் தலா 30 சதவீதம் "ஆம்" சொல்பவர்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலே 0.3 × 0.3 + 0.7 × 0.7 = 0.58 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா இந்தத் தற்செயலைக் கழிக்கிறது: (0.80 − 0.58) ÷ (1 − 0.58) = 0.52. சுமார்தான். வரையறையில் ஏதோ ஓட்டை இருக்கிறது. எந்தச் சுற்றுகளில் பிரிந்தீர்கள் என்று உட்கார்ந்து பேசி, வரையறையைத் திருத்தி, மறுபடி பாருங்கள்.

உதவிக்கு வரும் நண்பரிடம் உங்கள் கருதுகோளைச் சொல்லாதீர்கள். ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட சோதனையில், சாதாரண எலிகளைக் கொடுத்து, சில மாணவர்களிடம் "புத்திசாலி ரகம்", மற்றவர்களிடம் "மந்த ரகம்" என்று சொல்லி வைத்தார்கள். புதிர்வழியில் "புத்திசாலி" எலிகள்தான் நன்றாக ஓடியதாகப் பதிவானது.

படி 8: உங்கள் இருப்பே ஒரு மாறி

நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் மேசை அடங்கிவிடும். முதல் சில நாள்கள் வெறுமனே போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த நாள்களின் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பழகியபிறகு உங்களை மறந்துவிடுவார்கள். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே நடத்தை மாறும் என்பதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1924-இல் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் தொடங்கிய ஆய்வுகளை. அந்தப் பழைய தரவுகளை மறுபடி அலசியவர்களுக்குப் பாடநூல் சொல்லும் அளவுக்குத் தெளிவான விளைவு கிடைக்கவில்லை, ஆகவே அதை வேதவாக்காக எழுதிவிடாதீர்கள்.

கூட்டத்துக்குள் ஒருவராகக் கலந்து பார்ப்பதில் இன்னொரு அபாயம். 1954 டிசம்பர் 21-இல் உலகம் வெள்ளத்தில் அழியும் என்று நம்பிய ஒரு சிறு குழுவுக்குள், லியோன் ஃபெஸ்டிங்கரின் ஆய்வாளர்கள் பக்தர்களாகச் சேர்ந்தார்கள். வெள்ளம் வரவில்லை, ஆனாலும் குழுவில் பலரின் நம்பிக்கை உடைந்துபோகவில்லை என்று பதிந்தார்கள். ஆனால் புதிதாகச் சிலர் வந்து சேர்ந்ததே "நாம் சொல்வது சரிதான்" என்று அந்தக் குழுவை நினைக்க வைத்திருக்கும் என்ற விமர்சனம் இன்றுவரை இருக்கிறது.

படி 9: சம்மதம், ரகசியம்

கேட்பதும் பார்ப்பதும் சேர்ந்து தப்பாகப் போனதற்கு ஓர் உதாரணம் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1960-களில் அமெரிக்காவில் பூங்காக் கழிப்பறைகளில் ஆண்களுக்கிடையே நடந்த பாலுறவை, ஆய்வாளர் என்று சொல்லாமல் கவனித்தார். வெளியே நின்ற கார்களின் எண்களைக் குறித்து, முகவரி கண்டுபிடித்து, சுமார் ஒரு வருடம் கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதார சர்வே என்ற பெயரில் அவர்களின் வீடுகளுக்கே போனார். அவர் கண்டுபிடித்தது அந்த மனிதர்கள் மீதிருந்த தவறான எண்ணங்களைக் குறைத்தது என்று வாதாடுபவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் வெளியே கசிந்திருந்தால் எத்தனை குடும்பம் சிதைந்திருக்கும்?

இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைக்கும்வரை ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள். விடுதி வார்டன் அனுமதித்தால் உள்ளே போகலாம். மாணவரின் சம்மதம் அதில் அடங்காது. முதலாண்டு மாணவர்களில் 18 நிரம்பாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும். மெஸ்ஸில் பெயரோ முகமோ பதியாமல் மேசையளவில் குறிப்பதற்கு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து தேவையில்லை என்று குழு சொல்லக்கூடும். அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வீடியோ எடுத்தால் கணக்கே வேறு.

பி.எச்.க்யூ-9 போன்ற மனச்சோர்வு அளவுகோலில் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியது. அதில் ஒருவர் "ஆம்" பக்கம் குறித்தால் என்ன செய்வீர்கள் என்று முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். பெயரில்லாத ஃபார்மில் அந்தக் கேள்வியைப் போட்டால் அவரைத் தேடிப் போகவே முடியாது. குறைந்தபட்சம் கல்லூரி ஆலோசகரின் விவரத்தையும் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் ஃபார்மின் கடைசியில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

படி 10: முன்னோட்டம்

15, 20 பேரிடம் வினாநிரலைக் கொடுத்து, இரண்டு மூன்று வேளை மெஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள், யார் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போகிறார்கள் என்று கவனியுங்கள். கடைசி வகை அதிகமாக இருந்தால் ஃபார்ம் நீளம். ஐந்து அளவுகோல்களை அடுக்கி 120 கேள்வி கேட்டால், 60-க்குப் பிறகு வருவது பதில் அல்ல, சலிப்பு. முன்னோட்டத்தில் கலந்தவர்களை முக்கிய ஆய்வில் சேர்க்காதீர்கள்.

படி 11: அலசலும் எழுத்தும்

சர்வேயில் எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்ற இரண்டு எண்ணும் முதல் பத்தியிலேயே வரட்டும். உற்றுநோக்கலில் பலர் சறுக்கும் இடம் அலகு. ஒரே மேசையில் இருக்கும் ஆறு பேர் ஒருவரையொருவர் பாதிக்கிறார்கள். அவர்களை ஆறு தனி ஆட்களாக எண்ணினால் மாதிரி பொய்யாகப் பெரிதாகும். 60 மேசை பார்த்திருந்தால் உங்கள் எண்ணிக்கை 60 தான்.

சரி, சர்வேயில் கால்வாசிப் பேர்தான் சாப்பிடும்போது போன் எடுப்பதாகச் சொல்ல, மெஸ்ஸில் பாதி மேசைகளில் திரை ஒளிர்ந்தால் என்ன எழுதுவது? "மாணவர்கள் பொய் சொன்னார்கள்" என்று எழுதாதீர்கள். ஆறு பேரில் ஒருவர் எடுத்தாலே மேசை கணக்கில் வந்துவிடுகிறது. முதலில் அளவுகளை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள். நேரம் பார்க்க எடுத்ததை அவர்கள் "பயன்பாடு" என்று நினைத்திருக்க மாட்டார்கள், உங்கள் 2 விநாடி விதி அதைப் பிடித்திருக்கும். இதற்கெல்லாம் பிறகும் மீதமிருக்கும் இடைவெளி இருக்கிறதே, அதுதான் உங்கள் ஆய்வின் சுவாரசியமான பகுதி. கலந்துரையாடலில் பாதிப் பக்கங்களை அதற்கே கொடுங்கள்.

கைபேசி உள்ள மேசைகளில் பேச்சு குறைவு என்று வந்தால் "கைபேசி உள்ள மேசைகளில் பேச்சு குறைவாக இருந்தது" என்றே எழுதுங்கள். "கைபேசி பேச்சைக் குறைக்கிறது" என்று எழுதினால் வைவாவில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

பின்னிணைப்பில் முழு வினாநிரல், குறி வரையறைகள், காலியான குறிப்புத்தாள், கப்பா கணக்கு நான்கையும் சேர்த்துவிடுங்கள். பெயரையும் எண்ணையும் இணைக்கும் கோப்பைத் தரவோடு ஒரே பென்டிரைவில் வைக்காமல், சம்மதப் படிவத்தில் சொன்ன தேதியில் அழித்து, அழித்ததை கைடிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.